ஏகநாதன் மேல் விழுந்த வெளிச்சம்

நன்றியுரை என்றால் அது ஸ்ரீரங்கன்தான். குரோம்பேட்டையில் தொடங்கிப் பொழிச்சலூர் வரைக்கும் எந்தக் காலனிச் சங்கம் எந்த விழா எடுத்தாலும், தலைமை தாங்கும் ஆள் மாறும். சிறப்புரை ஆற்றுகிறவர் வராமலே கூடப் போய்விடுவார். நன்றியுரைக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. பந்தல் போட்டவர், பெஞ்சு கொடுத்து உதவிய பள்ளிக்கூடம், அன்றைக்கு மட்டும் தெருவிளக்கை எரியவிட்ட பஞ்சாயத்து, பெய்யாமல் ஒத்துழைத்த மழை என்று ஒருவரையும் விடமாட்டார். அவர் மேடையேறியதும் மைக் செட் அப்பாதுரை ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவான். கடைசி நன்றி எப்போதும் அவனுக்குத்தான் என்பதால், தன் பெயர் வரும்போது நிமிர்ந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்விட்சை அணைப்பான்.

பேசாத நேரத்தில் ஸ்ரீரங்கன் படம் வரைவார். தாம்பரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் சிறுபாலங்களை வரைவதில் அவருக்கு இணையாக அந்த ஆபீசில் ஆள் இல்லை. ஆனால் சிறுபாலத்தை யாரும் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் வீட்டுக்கு வந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு மனித முகங்களை வரைய உட்கார்ந்தார். கையோடு ஒரு மன்றமும் தொடங்கினார். 'வண்ணத் தூரிகை ஓவியர் மன்றம்' என்று பெயர். உறுப்பினர்கள் எல்லாரும் பென்சில்காரர்கள். வண்ணத்தையோ தூரிகையையோ ஒருவரும் தொட்டதில்லை. முதலாம் ஆண்டு விழாவில் மன்றம் தன் தலைவருக்கு 'ஓவியச் செம்மல்' என்ற பட்டத்தை வழங்கிப் பெருமைப்படுத்தியது. தலைவர் ஸ்ரீரங்கன். பட்டம் வழங்கியதற்கான நன்றியுரையையும் அவரே ஆற்றினார்.

மன்றம் கூடுவது பொழிச்சலூரில், வங்கி ஊழியர் வைத்தீஸ்வரன் வீட்டு மொட்டைமாடியில். அங்கே எழுதப்படாத ஒரு விதி இருந்தது. யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். வெளிச்சம் எங்கே விழுந்திருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. சொன்னவரின் படம் அடுத்து வரும். அதன் மேலும் வெளிச்சம் விழும். நடுவில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போகும்போது மட்டும் பாராட்டு நிற்கும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இப்படி எல்லார் மேலும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த காலத்தில், எண்பத்தேழாம் வருஷம் கோடையில், கோவிலம்பாக்கத்திலிருந்து முனிரத்தினம் புல்லட்டில் வந்து இறங்கினான்.

முனிரத்தினத்தின் குடும்பம் ஊரோடு பிறந்த குடும்பம். நெல்லும் கத்தரியும் விளைந்த நிலத்தில் பாதியைக் கல் நட்டு மனையாக்கி விற்றாகிவிட்டது. மெயின் ரோட்டை ஒட்டிய துண்டில் அப்பா பெயரில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா ஏகநாதன் போன ஐப்பசியில் காலமானவர். மத்தியானம் பம்ப்செட்டைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மோட்டார் பாட்டுக்கு ஓடி, பாத்தி நிறைந்து, தண்ணீர் வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் என்ன ஆயிற்று என்றே தெரிந்தது.

ஆவணியில் மண்டபத் திறப்பு. யூனியன் சேர்மன் வந்து ஏகநாதன் படத்தைத் திறந்து வைக்கிறார். பிரச்சினை, திறந்து வைக்கப் படம் இல்லை. ஏகநாதன் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் காமிராவுக்கு முன் நின்றிருக்கிறார். பால் சொசைட்டி திறப்பு விழாவில் எடுத்த குரூப் போட்டோ. முன்வரிசையில் மாலை போட்ட பிரமுகருக்கு யாரோ கறுப்புக் குடை பிடிக்க, அந்தக் குடையின் நிழல் பின்வரிசையில் ஓரமாய் நின்ற ஏகநாதன் மேல் விழுந்திருந்தது. முகம் சுண்டைக்காய் அளவு. தலையில் கட்டிய துண்டு தெரிந்தது, மீசை இருப்பதாக நம்ப முடிந்தது.

இதை வைத்துப் பெரிதாக வரைய முடியுமா என்று முனிரத்தினம் கேட்டான். முடியும் என்று ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கலைக்கு விலை கிடையாது என்றும், தான் ஒரு பைசா வாங்குவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். இதுவரை யாரும் கொடுக்க முன்வந்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

முனிரத்தினம் கிளம்பாமல் ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டு நின்றான்.

"மண்டபம் கிடக்கட்டும் சார். மெயினா எங்க அம்மாவுக்குத்தான்" என்றான். "துண்டு ஞாபகம் கீதாம், மீசை ஞாபகம் கீதாம். மூஞ்சி மட்டும் நெனச்சா வரமாட்டேங்குதாம். முப்பத்தஞ்சி வருசம் ஒண்ணா இருந்தவரு மூஞ்சியே மறந்துடுமாடான்னு என்னைக் கேக்குது. நான் இன்னா சார் சொல்றது?"

ஸ்ரீரங்கன் அவன் தோளைத் தட்டி, கவலைப்படாதே, உன் தாயாரின் கண்முன்னே அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அப்படி ஒரு வாக்கியம் சொல்லக் கிடைத்ததே அவருக்குப் பாதிப் படம் முடிந்த மாதிரி இருந்தது.

மூக்கு என்னுடையது மாதிரி, தாடை சித்தப்பாவுடையது மாதிரி என்று முனிரத்தினம் சொன்ன அடையாளங்களை வைத்து வரைவு நன்றாகவே வந்தது. கோடு போடுவதில் ஸ்ரீரங்கனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் ஷேடிங். அதில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. காலமானவர்களை மாநிறத்துக்குக் கீழே வரையக் கூடாது. அது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. பல்லாவரம் ஸ்டூடியோக்களில் பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவிலிருந்து, பதினாறாம் நாள் படையலுக்கு மாலை போடும் போட்டோ வரைக்கும் எல்லாருக்கும் ஒரு சுற்று வெளுப்பு இலவசம். இறந்தவருக்கு அது கடைசி மரியாதை. ஸ்ரீரங்கன் அந்த மரியாதையில் ஒரு சுற்று கூடுதலாகவே செய்தார். எச்பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, பஞ்சால் ஒற்றி, சந்தனம் பூசின மாதிரி ஒரு முகம். உழைத்த சுவடு எங்கும் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு, தோளில் சரிகை அங்கவஸ்திரம் போட்டுவிட்டார்.

மன்றம் கண்ணைச் சுருக்கியது. வெளிச்சம் மிக நன்றாக விழுந்திருந்தது. வைத்தீஸ்வரன் மட்டும் வழக்கத்தைவிட ஒரு படி மேலே போய், "இது உருவம் இல்ல சார், ஒளி. ஆத்மாவோட ஒளி" என்று ஆரம்பித்தார். விமானம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கன், மனைவி நாகலக்ஷ்மியை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, படத்தை அவள் மடியில் கொடுத்து, கீழ்க்கட்டளை வழியாகக் கோவிலம்பாக்கம் போனார். முனிரத்தினம் படத்தைப் பார்த்து அசந்து நின்றான்.

"ஷோக்கா கீது சார். எங்கப்பா கலெக்டரு மாதிரி கீறாரு."

பச்சையம்மா உள்ளேயிருந்து வந்தாள். அறுபதை ஒட்டின வயசு, காதில் கனத்த தோடு. வீட்டில் இன்னும் அவள் சொன்னதுதான் சட்டம் என்பது நடையிலேயே தெரிந்தது. கூடத்தில் நாற்காலி மேல் சாய்த்து வைத்த படத்துக்கு எதிரே வந்ததும் நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். ஓரடி பின்னால் நகர்ந்து கதவை ஒட்டி நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "நல்லா கீறாரு. யாரோ பெரிய மனுசரு மாதிரி கீறாரு" என்றாள். அப்புறம் வந்தவர்களைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வடை பாயசத்தோடு சாப்பாடு. திரும்பும் வழியெல்லாம் ஸ்ரீரங்கன் ஸ்கூட்டரில் காற்றோடு பேசிக்கொண்டு வந்தார். பார்த்தாயா, ஒரு படத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி எப்படி ஒடுங்கி நின்றாள், கலை என்றால் அதுதான், படிப்பறிவு இல்லாவிட்டாலும் உள்ளுணர்வு இருக்கிறது பார். நாகலக்ஷ்மி வீட்டுக்கு வந்து செருப்பை அவிழ்க்கும்போதுதான் சொன்னாள்.

"அந்தம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்களே, கவனிச்சீங்களா?"

"அதைத்தானே சொல்றேன். மரியாதை."

"கட்டின புருஷனைப் பார்த்து யாருங்க அப்படிப் போர்த்திப்பாங்க? அசலாள் வந்து கூடத்துல உட்கார்ந்தா அப்படிச் செய்வோம். ஈபிகாரர் மீட்டர் பார்க்க வந்தா நான் செய்யறதில்லையா?"

ஸ்ரீரங்கன் அன்று சாயங்காலம் காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டார். தன் படத்தை ஈபிகாரரோடு ஒப்பிட்டதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

ஜீரணிக்க அவகாசமும் கிடைக்கவில்லை. அந்த வாரமே முனிரத்தினம் மறுபடி வந்தான். அம்மாவுக்குப் படம் ரொம்பப் பிடித்திருப்பதாகத்தான் தொடங்கினான். மண்டபத்துக்கு அதுவே இருக்கட்டும், அதை மாற்றவே வேண்டாம். ஆனால் வீட்டுக்கு என்று இன்னொன்று.

"இன்னொன்றா?"

"அது வந்து சார், அவரு கறுப்பு சார். நல்லா கறுப்பு. அம்மா சொல்லுது, படத்துல வெளிச்சம் ஜாஸ்தியாயிருச்சாம். வெளிச்சம் அடிச்சி அடிச்சி ஆளு காணாமப் பூட்டாராம்."

ஓவியச் செம்மலுக்கு முகம் சிவந்தது. மன்றம் ஒருமனதாக ஒப்புக்கொண்ட வெளிச்சம். இதைக் கோவிலம்பாக்கத்தில் ஒருத்தி ஜாஸ்தி என்கிறாள். விமர்சனம் என்பதை அவர் அதுவரை கேட்டதே இல்லை, அதனால் அது எந்த இடத்தில் வலிக்கும் என்பதும் தெரிந்திருக்கவில்லை. கறுப்புதானே வேண்டும், தருகிறேன் என்று உள்ளே போனார்.

இரண்டாவது படத்தை அவர் வரைந்தது கையால் அல்ல, கோபத்தால். கடையில் கிடைத்ததிலேயே கறுப்பான பென்சில் வாங்கினார். போதாதென்று கரித்துண்டு. அதே முகம், அதே மூக்கு. ஆனால் மயிர் முனையிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரே இழுப்பாகக் கறுப்பைத் தேய்த்தார். பின்னணியும் கறுப்பு. துண்டை மட்டும் பழைய போட்டோவில் இருந்தபடி தலையில் கட்டினார், அதுவும் கரிக்கை பட்டுச் சாம்பலாகிப் போயிற்று. நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் போன நேரத்துல உட்கார்ந்திருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மன்றம் திண்டாடியது. எல்லாரும் கண்ணைச் சுருக்கினார்கள், விரித்தும் பார்த்தார்கள். வெளிச்சம் விழுந்திருப்பதாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விமானமும் அன்றைக்குப் பார்த்துத் தாமதம். கடைசியில் வைத்தீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது மாடர்ன்" என்றார். எல்லாருக்கும் போன உயிர் வந்தது.

இந்தத் தடவை ஸ்ரீரங்கன் தனியாகப் போனார். பச்சையம்மா படத்தைக் கையில் வாங்கினாள். கூடத்தில் பார்த்தாள், சரிப்படவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோனாள். பிறகு வாசலைத் தாண்டி, கிணற்றடியில் வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். அவள் இடது கண்ணில் புரை விழுந்திருப்பதை ஸ்ரீரங்கன் அப்போதுதான் கவனித்தார். கண்ணால் பார்க்க முடியாததை மூக்கால் பார்க்கப் போகிறவள் மாதிரி படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"கறுப்புன்னு சொன்னேன் சாமி. இருட்டுன்னு சொல்லலியே" என்றாள்.

ஸ்ரீரங்கன், நீங்கள் கேட்டது இதைத்தான் என்று தொடங்கினார். அவள் கையமர்த்தினாள். கோபம் இல்லை, ஆனால் போன தடவை அசலாளுக்குக் காட்டிய பணிவும் இல்லை.

"கறுப்புன்னா வெளிச்சமே படாதா? மத்தியானத்துல கழனியிலேருந்து வருவாரு. தூரத்துல மொதல்ல துண்டுதான் வெள்ளையா தெரியும். கொஞ்சம் கிட்ட வந்தா நெத்தி மின்னும். அப்பறம் கன்னத்து எலும்பு. ஆளு யாருன்னு நான் அதுலதான் கண்டுபிடிப்பேன். நீ போட்டதுல மின்னறதுக்கு ஒரு எடம் வுட்டியா?" என்றவள், சொன்னது புரியவில்லையோ என்று சுற்றுமுற்றும் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரிப் பக்கம் கையை நீட்டினாள். "அதோ பாரு. அது மாதிரி."

ஏரிக்குள்ளிருந்து ஒரு எருமை கரையேறிக்கொண்டிருந்தது.

"அம்மா, சாருகிட்ட அப்பாவைப் போயி எருமைன்றியே" என்று முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான்.

"உசுரோட இருக்கச்சொல்ல அதான் சொல்லுவேன். அவரே ஒண்ணும் சொன்னதில்ல, உனுக்கு இன்னா?"

ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. அவர் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அது நின்றது. அதைவிடக் கறுப்பான பொருள் அந்த ஏரிக்கரையில் இல்லை. அதைவிட வெளிச்சமான பொருளும் இல்லை. முதுகெலும்பின் மேல் வெயில் ஒரு வெள்ளைக் கோடாகப் படுத்திருந்தது. நெற்றியில் ஒரு தகடு. விலாவில் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் வெள்ளி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற முனிரத்தினம்கூட அதற்கு முன்னால் மங்கலாகத்தான் தெரிந்தான். மன்றத்தில் இத்தனை வருஷமாக அவர் சொல்லிவந்த ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. எங்கே விழுகிறது என்று அவர் இதற்கு முன் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் கோவிலம்பாக்கத்து ஜனங்களுக்கு வேடிக்கையாகப் போயின. குரோம்பேட்டையிலிருந்து ஒருத்தர் பேன்ட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து ஏரிக்கரையில் தொப்பியோடு உட்கார்ந்து எருமை வரைந்தார். எருமை நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். ஏரியைக் கவர்மென்ட் எடுக்கப்போகிறது, அதற்கு பிளான் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, இரண்டு பேர் வந்து தங்கள் வீட்டையும் பிளானில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். பச்சையம்மா மோர் கொடுத்தனுப்பினாள். பொழிச்சலூர்க் கூட்டத்துக்கு அவர் தொடர்ந்து வராததால், தலைவர் புதிய பாணி ஒன்றைத் தேடித் தவம் இருப்பதாக வைத்தீஸ்வரன் மன்றத்துக்கு அறிவித்தார்.

மூன்றாவது படத்துக்கு உட்கார்ந்தபோது ஸ்ரீரங்கனுக்குக் கோபமும் இல்லை, கொள்கையும் இல்லை, கொஞ்சம் பயம் இருந்தது. ஆவணி நெருங்கிவிட்டது. மண்டபத்துக்குத்தான் படம் இருக்கிறதே. அவர் பயம் அதைப் பற்றி இல்லை. அந்த அம்மாளுக்கு முகம் இன்னும் வரவில்லை. நாள் தள்ளத் தள்ள அது இன்னும் தூரம் போகும்.

முதலில் முகம் முழுக்கக் கறுப்பைப் பரப்பினார். ஆனால் துண்டு வரும் இடத்தில் பென்சிலே படாமல் காகிதத்தை அப்படியே விட்டார். பின்னணியையும் வெறுமையாக விட்டார். பிறகு அழிரப்பரை பிளேடால் கூராகச் சீவிக்கொண்டு, கறுப்புக்குள்ளிருந்து வெளிச்சத்தை எடுக்க ஆரம்பித்தார். நெற்றி மேட்டில் ஒரு தகடு. கன்னத்து எலும்பில் ஒரு கீற்று. மூக்கு நுனியில் ஒரு பொட்டு. வியர்வை நின்றிருக்கும் இடம் என்று மேலுதட்டுக்கு மேலே மீசையை ஒட்டி மெல்லியதாய் ஒன்று. அழிப்பதற்கென்றே வைத்திருந்த ரப்பரால் வரைய முடியும் என்பது அவருக்கே புதுச் செய்தி. ஒரு இடத்தில் அதிகமாக எடுத்துவிட்டார். மறுபடி கறுப்பை வைத்தார். நாகலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"இவரை எங்கேயோ பார்த்திருக்கேன்" என்றாள்.

"பார்த்திருக்க முடியாது. காலமாயிட்டார்."

"அதான் எனக்கும் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போகப் போனவளை ஸ்ரீரங்கன் கூப்பிட்டு, காப்பிக்கு நன்றி என்றார். ஈபிகாரர் விஷயத்துக்கும் நன்றி என்றார். மைக் இல்லாமல் அவர் நன்றி சொல்லி அவள் கேட்டதில்லை. உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கிட்டே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தப் படத்தை மன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. நேராகக் கோவிலம்பாக்கம்.

பச்சையம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கன் கூடத்தில் அதே நாற்காலி மேல் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சிறுபாலத்து பிளானை எத்தனையோ இன்ஜினீயர் முன்னால் விரித்தவர். கை இப்படி வேர்த்ததில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நாற்காலிக்கு எட்ட வரும்போதே நடை நின்றது. புரை விழாத கண்ணைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். அங்கிருந்தே பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோகவில்லை, ஜன்னலைத் தேடவில்லை.

முந்தானை நழுவிக் கிடந்தது. அதை அவள் இழுத்துவிடவில்லை. அரிசித் தூசி படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மோட்டாரை அமுத்தாம படுத்தியே" என்றாள் படத்தைப் பார்த்து. "வூடு வாசப்படி வரைக்கும் தண்ணி. நான் இங்க ஒலை வெச்சிகினு கீறேன், நீ பாட்டுக்கு அங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூப்புட்டா வந்திருக்க மாட்டேன்?"

முனிரத்தினம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இன்னா பாக்கற? பாக்கறதைப் பாரு" என்றாள் அவள் படத்திடம், குரல் இறங்கி. பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அவர் கையைக் குவிக்கத் தயாரானார்.

"காதுல ஓட்டை எங்க?" என்றாள். "சின்ன வயசுல கடுக்கன் போட்ட ஓட்டை. வலது காது கொஞ்சம் கிழிஞ்சாப்ல இருக்கும். இப்பத்தான் எனுக்கே நெனப்பு வருது."

ஸ்ரீரங்கன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லச் சொல்ல, ஏகநாதன் காதில் ஓட்டை போட்டார்.

மண்டபத் திறப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. மேடைக்கு மேலே மாலையோடு தொங்கியது முதல் படம்தான். அதை முனிரத்தினம் மாற்றவில்லை; மண்டபத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு அதுதான் கௌரவம் என்று உறவு முழுக்கச் சொல்லிவிட்டது. சேர்மன் நாடாவை இழுத்துத் திரையைத் திறந்ததும் அங்கவஸ்திரம் போட்ட அந்தச் சந்தனம் பூசின முகத்து மனிதரைப் பார்த்து, "அச்சு அசல்" என்று ஒரு குரல் எழுந்தது. இரண்டு பங்காளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேர்மன், மறைந்தவரோடு தனக்கு இருந்த நெருங்கிய பழக்கத்தைப் பற்றிப் பேசினார். அந்த முகத்தைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரியாதையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றியுரைக்கு ஸ்ரீரங்கனை அழைத்தார்கள். ஓவியச் செம்மல் என்று பட்டத்தோடு அழைத்தார்கள். மன்றத்து ஆட்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். வைத்தீஸ்வரன் கை தட்டுவதற்கு வாகாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாதுரை ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். மேஸ்திரி, சமையல்காரர், வாழைமரம் கட்டியவர் என்று ஸ்ரீரங்கன் மனசில் வரிசையாக எல்லாரும் நின்றார்கள். மைக்கைப் பிடித்தவர் முன்வரிசையைப் பார்த்தார்.

"நான் ஊர் ஊரா நன்றி சொல்லியிருக்கேன்" என்றார். "நல்லா இருக்குன்னு சொன்னவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. இது நல்லா இல்லேன்னு எங்கிட்ட முதல் தடவையா சொன்னது இந்த வீட்டு அம்மா. அவங்களுக்குத்தான் நன்றி. வணக்கம்."

சபை மிச்சத்துக்குக் காத்திருந்தது. அவர் இறங்கிவிட்டார். கரண்ட் போய்விட்டதென்று நினைத்து அப்பாதுரை மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஹலோ ஹலோ என்று சொல்லிப் பார்த்தான். தன் பெயர் வராமலே ஒரு விழா முடிந்ததில் அவனுக்கு வருத்தம்தான். பந்தியில் ஸ்ரீரங்கனே தேடி வந்து தனியாகச் சொன்ன பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். வைத்தீஸ்வரன், தலைவரின் உரையில் வெளிச்சம் நன்றாக விழுந்ததாகச் சொன்னார். எங்கே விழுந்தது என்று ஸ்ரீரங்கன் உண்மையாகவே ஆவலோடு கேட்டார். வைத்தீஸ்வரன் இலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கோவிலம்பாக்கத்து மேலே விமானம் வருவதில்லை.

கிளம்பும்போது பச்சையம்மா அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய், ஒரு கோணிப்பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கட்டி ஸ்கூட்டரின் முன்னால் வைக்கச் சொன்னாள். நாகலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவளாய் நின்று, ஸ்ரீரங்கனைப் பார்த்தாள்.

"வூட்டுப் படத்துல மீசை எடது பக்கம் சரியில்ல சாமி. அந்தப் பக்கம் லேசா தூக்கிகினு நிக்கும். எத்தினி தபா எண்ணெ தடவினாலும் படியாது. காலையில வெளக்கு ஏத்தச்சொல்ல நெனப்பு வந்துச்சி" என்றாள். "நெத்தியிலகூட ஒரு தழும்பு கீது. மாடு முட்டினது. அது எந்தப் பக்கம்னு இன்னும் தெரியல. வந்துரும். வந்தா சொல்லி அனுப்பறேன், வரியா?"

வருகிறேன் என்றார் ஸ்ரீரங்கன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பென்சில் இருந்தது.

"இப்பவே மீசையைப் பார்த்துட்டுப் போயிடலாமே" என்று சொல்லி, கிளப்பிய ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.